பத்து மணி நேரத்துக்குப் பின்

இடப்பக்கப் பின்சக்கரம், இரட்டையில் வெளியில் இருப்பது,
வளைவில் திரும்பும்போதெல்லாம் முனகியது.
நான்கு நாள் அதைக் காற்று என்றே நினைத்தேன்.
பம்பா சமவெளியில் பழியைக் காற்றின் மேல் போட்டால்
ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

ஐந்தாம் நாள் நோர்மா குனிந்து பார்த்தாள்.
பத்து நட்டில் மூன்று, விரலுக்கே சுழன்றன.
போல்ட் உரசிய இடம் புதுக் காசுபோல் மின்னியது.
வட்டமாய் இருந்த துளை
முட்டையாகத் தொடங்கியிருந்தது.
"மரை கழன்றது வண்டிக்கா, உனக்கா?" என்றாள் தங்கை.

கையேடு சொல்கிறது: அறுநூறு நியூட்டன் மீட்டர்.
எங்கள் டார்க் ரெஞ்ச் இருநூறோடு நின்றுவிடும்.
ஸ்பேனர் வாலில் இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் செருகி
அதன் நுனியில் தொங்கினாள் நோர்மா.
குழாய்க்கு பலம் தெரியும், கணக்கு தெரியாது.
சாக்கெட் வெடித்த சத்தத்தில்
நாய் யூகலிப்டஸ் வரிசைவரை ஓடியது.
முழங்கை சிராய்ந்து சேற்றில் உட்கார்ந்தபடி
அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.
ஜூன் மாதம். விதைக்காத கோதுமை
மூட்டையில் கிடக்கிறது.

பல்லுக்குள் பல்லாய்ச் சுழன்று
ஒன்றை ஐந்தாக்கும் ஒரு டப்பா உண்டு.
இந்தச் சுற்று வட்டாரத்தில் அது இருப்பது
ஏவெலினோ ஹைட் வீட்டில் மட்டும்.
வெள்ளம் வந்த வருடம்
அவர் வெட்டிய வாய்க்கால் எங்கள் சோயாவில் முடிந்தது.
அன்று முறுக்கிக்கொண்டவர்கள் நாங்கள்.
அவர் மட்டும் என்ன,
அவரும் முறுக்கிக்கொண்டார்.
ஆறு வருட முறுக்கு,
எந்தக் கையேட்டிலும் அதற்கு அளவில்லை.

கால்நடை மருத்துவர் காதில் போட்டுவைத்தோம்,
மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல.

மறுநாள் காலை எல்லைக் கம்பத்தில்
தீவனச் சாக்கில் கட்டித் தொங்கியது டப்பா.
அட்டைத் துண்டில் தச்சுப் பென்சில் எழுத்து:
*1க்கு 5. கையில் 120 வை.
குறுக்குக் குறுக்காக இறுக்கு.
பத்து மணி நேரம் ஓடியபின் மறுபடி.*
வணக்கம் இல்லை, பெயரும் இல்லை.

அதற்கு ஒரு கை உண்டு, முட்டுக்கொடுக்கும் கை.
நீ இந்தப் பக்கம் எவ்வளவு திருகுகிறாயோ
அவ்வளவும் அந்தப் பக்கம் எதையாவது போய் அழுத்தும்.
பக்கத்து நட்டில் சாய்த்துவிட்டால் சும்மா இருக்கும்.
சாய்க்காமல் விட்டால் உன் விரலைத்தான் தேடும்.
முதல் நட்டிலேயே கட்டைவிரல் நகம் கறுத்தது எனக்கு.

க்ளிக்.
ஒரு முறை கேட்டால் போதும், இரண்டாவது இழுப்பு பேராசை.
பத்துக்கும் முடித்து, நட்டிலிருந்து சக்கரத்துக்கு
வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்து,
டப்பாவைத் துடைத்து, மாலையே கம்பத்தில் மாட்டினேன்.
கடன் இரவு தங்கக் கூடாது, முக்கியமாக அவருடையது.

அட்டையின் கடைசி வரியை
உழுது முடிக்கும்போதுதான் மறுபடி படித்தேன்.
மணிமீட்டர் பத்தைத் தாண்டி இருபது நிமிடம்.
கம்பத்தில் சாக்கின் கயிறு மட்டும் ஆடியது.

நோர்மாவிடம் சொல்லவில்லை.
டிராக்டரையே ஓட்டிக்கொண்டு போனேன்,
வாய்க்காலைச் சுற்றி, மூன்று கிலோமீட்டர், மெதுவாக.

கொட்டகை வாசலில் டப்பா ஏற்கெனவே வெளியே இருந்தது.
ஹைட் ஒன்றும் கேட்கவில்லை.
மண்டியிட்டார், வலது முழங்காலுக்குச் சாக்கு போட்டு.
முட்டுக்கையை அவர் பார்த்துக்கொண்டார்,
ரெஞ்சை நான் இழுத்தேன்.
ஆறு நட்டில் வெள்ளைக் கோடு விலகியது,
விரற்கடை அளவு.
நான்கு அசையவே இல்லை.
அசையாதவற்றை அவர் நகத்தால் தட்டிப் பார்த்தார்,
தர்ப்பூசணி வாங்குகிறவர்போல.

வாய்க்கால் பேச்சு வரவில்லை.
அது பின்னால் அங்கேயேதான் இருந்தது,
அரை அடித் தண்ணீரோடு.

ஏணியில் கால் வைத்தபோது
ஆறு வருடத்தில் முதல் சொல் கேட்டது:
"ஐம்பது மணியில் இன்னொரு தடவை."

தலையாட்டினேன்.
எஞ்சின் சத்தத்தில்
வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.