புள்ளி வைக்காத பெயர்

எழுத்துக்கு எழுபது ரூபாய்.
கொம்பும் காலும் தனிக்கணக்கு.
புள்ளிக்கு மட்டும் காசில்லை என்றார்
குன்றக்குடியிலிருந்து மொபெட்டில் உளியோடு வந்தவர்.
"அது நம்ம பங்கு, பெரியவங்ககிட்டச் சொல்லிருங்க."

சொல்லி, கையெழுத்து வாங்கினேன்.
காரைக்குடி, பல்கலைக்கழகம், பணியமைப்புப் பிரிவு.
கோப்பின் தலைப்பு:
படையில் பணியாற்றிய நம்மவர் நினைவுக்கல்.

ஆறு மாதம் டிஸ்சார்ஜ் புத்தகங்களோடு கிடந்தேன்.
இயற்பியல் ஆய்வகத்து சிக்கந்தர்
சிக்னல்ஸில் பதினேழு வருடம்.
மருத்துவ மையத்து உமையாள்
'வீரரின் மனைவி பெயர்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு
'பொருந்தாது, வீரர் நானே' என்று எழுதியிருந்தார்.
விடுதிச் சமையற்கட்டுப் பொன்னழகிக்கு
மகனின் பெட்டி வந்ததாம், சாவி வரவில்லையாம்.
பனிச்சரிவு. இருபத்துமூன்று வயது.
சான்றுகள் எல்லாம் அதற்குள்.
பூட்டை உடைக்க அவளுக்கு மனமில்லை.
'சான்று சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன்.
என் பணிக்காலத்தில்
தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

பாதிப் பெயர்கள் ஏறியிருந்தன கல்லில்,
மீதி சாக்பீஸில்.
மத்தியானம் சாத்தாயி வந்தாள்,
இரவுக் காவலர் சேவுகனின் மனைவி.
"இருக்கற மனுசனக் கல்லுல எழுதலாமா?
எங்க பக்கம் கல்லுல பேரு ஏறுனா
படையல் போட்டுக் கும்புடணும்."

ஆணையைக் காட்டினேன்.
இருப்போர், மறைந்தோர், இரு சாராரும்.
நின்றபடி முழுதும் படித்தாள்.
"சரித்தான். ஆனா கல்லு
இந்த ஆர்டரப் படிக்காதே."

என்னிடம் பதிலில்லை.
உளிக்காரர்தான்
முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்காம விடுறேன்.
புள்ளி விழுகாத வரைக்கும் பேரு முடியல."

சாத்தாயி யோசித்தாள்.
செம்மண்ணில் கட்டைவிரலால் ஏதோ கீறிப் பார்த்தாள்.
"அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

திறப்பு விழாவில் என்.சி.சி. பிள்ளைகளின் பேண்டு,
நாலு பேர் பேச்சு, வெயில்.
பழைய கோட்டில் பதக்கங்களோடு சேவுகன்
தன் பெயரைத் தேடிப் போனார்.
சேவுகன.
கடைசி எழுத்தின் தலையைத் தடவினார்.
"ஒண்ணு குறையுதேம்மா."
"பட்ஜெட் பத்தல" என்றேன்.
"ரெஜிமென்ட்லயும் அப்படித்தான்,
பூட்ஸ் வந்தா லேஸ் வராது."

தணிக்கைக்காரர்கள் வருடா வருடம் எழுதுகிறார்கள்:
எழுத்துப்பிழை. விளக்கம் தேவை.
நானும் வருடா வருடம் எழுதுகிறேன்:
நடவடிக்கையில் உள்ளது.

உளிக்காரரின் எண் என்னிடம் இருக்கிறது.
இரண்டு முறை போன் மாற்றியும்
முதலில் ஏற்றியது அதைத்தான்.
'புள்ளி' என்று பதிந்திருக்கிறேன்.
போன மாசி மாதம், பையில் சாவி தேடும்போது
கை பட்டு அழைப்பு போய்விட்டது.
முதல் மணியிலேயே எடுத்தார்.
வணக்கம்கூடச் சொல்லாமல்,
"எப்பம்மா?" என்றார்.
"ஐயோ, இல்லண்ணே, இல்ல,
தெரியாம அமுங்கிருச்சு."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "நல்லது, வைங்க."

வண்டியை எடுத்து வாசலுக்கு வந்தேன்.
இருட்டிவிட்டிருந்தது.
டார்ச்சை என் சக்கரத்தின் மேல் அடித்து
சேவுகன் தடுத்து நிறுத்தினார்:
"லைட்டே போடாம எங்கம்மா போற?"