அட்டையில் உள்ளவர்

மோல்மேன் ஆஸ்பத்திரி அட்டையில்
நான் ஊ மியின் சோ.
வீட்டிலும் கோயில் வரிப் புத்தகத்திலும்
அஞ்சப்பன்.

மியின் சோ தங்கமான ஆள்.
சோற்றைக் குறையுங்கள் என்றால்
"ஹோட்கே" என்பார்.
தினமும் பாதத்தைப் பாருங்கள் என்றால்
அதற்கும் ஹோட்கே.
பர்மியப் பேச்சில் அந்த ஒரு சொல்லுக்குப்
புரிந்தது என்றும் பொருள்,
வெளியே ஆள் காத்திருக்கிறது, விடுங்கள்
என்றும் பொருள்.

கொடுத்த தாளையும் வாங்கிக்கொள்வார்.
வட்ட வட்டமாய் எழுத்து.
அந்த மொழியில் பேசுவேன், கடன் கேட்பேன்,
சண்டையும் போடுவேன்;
படிக்க வராது.
மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.
மேசை ஆடவில்லை.

அஞ்சப்பனுக்கு வேலை நாக்கில்.
விடியாத நாலு மணிக்கு அடுப்பு.
ஒவ்வொரு கலவைக்கும் ஒரு மிடறு:
சோ செய்ன் என்றால் தித்திப்புத் தூக்கல்,
ச்சா செய்ன் என்றால் கடுப்பு.
வெளிச்சம் வருவதற்குள் இருபது மிடறு.
டீ குடிப்பீர்களா என்று கேட்டார்கள்.
இல்லை, போடுவேன் என்றேன்.
பொய்யில்லை.

மாத்திரை சாப்பாட்டுக்கு முன் என்று
காதில் விழுந்தது.
முன் என்றால் எவ்வளவு முன்?
நாலு மணிக்குப் போட்டேன்,
பதினொன்றுக்குச் சாப்பிட்டேன்.
நடுவில் கை நடுங்கிக் கண் இருட்டி
கெட்டிப்பால் டப்பாவில் விரலை விட்டு நக்கினேன்.
உயிர் வந்தது.
அதன் பிறகு மாத்திரையை நம்பவில்லை,
கெட்டிப்பாலை நம்பினேன்.

அடைமழை மாதத்தில் ஒருநாள்
கொதிநீர் என் பாதத்தில் கொட்டியது.
கொட்டியதைச் சொன்னவள் வேம்பு, என் மனைவி.
எனக்குத் தெரியவே இல்லை.

கட்டுப் போட்ட நர்ஸ் கரேன் பெண்,
பெயர் நோ மூ பா.
நம் பேச்சில் நோ என்றால் வலி;
என் காலில் அது இல்லை.
அவள் புரிந்ததா என்று கேட்கவில்லை.
"நாளைக்கு உங்கள் இடத்தில்
நான் அடுப்பில் நின்றால்
என்னென்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்."
ஹோட்கே அங்கே செல்லவில்லை.

சொன்னேன்.
அடுப்பு, நாக்கு, இருபது மிடறு, பதினொரு மணி.
இரண்டு இடத்தில் பேனாவை நிறுத்தி
என்னையே பார்த்தாள்.
டாக்டரிடம் போய்க் கேட்டு வந்து
மாத்திரையைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.
எழுதவில்லை, வரைந்தாள்:
பெரிய வட்டம் தட்டு, சிறிய புள்ளி மாத்திரை,
ஐந்து விரலோடு ஒரு பாதம்,
அதைக் குனிந்து பார்க்கும் இரண்டு கண்.
மிடறுக்கு மட்டும் அவளிடம் படமில்லை.
"துப்பிவிடலாமே" என்றாள், மெதுவாக.

இன்று காலை துப்பினேன்.
உன் டீ உனக்கே ஆகவில்லையா என்று
முன்பெஞ்சு லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.
பதினேழு மிடறு வரை சாக்கடைக்குத்தான்.
பதினெட்டாவது
நன்றாக அமைந்துவிட்டது.