கேமரா எங்க?

அடிவாரம் செக்போஸ்ட்டில் பையைத் திறந்தார்கள்.
ஏழு வாள்.
யோகா பாயை அறுத்து வெள்ளி டேப் சுற்றியவை.
"ஷூட்டிங்கா? கேமரா எங்க?"
இல்லைங்க.
"அப்ப நாடகம்."
பார்க்க ஆள் கிடையாது.
"போட்டியா?"
ஜெயிக்கிறதும் கிடையாதுங்க.
ஒன்றை வளைத்துப் பார்த்து
தன் தொடையில் தட்டிக்கொண்டு
போகச் சொன்னார்.

நாகலூர் தாண்டி
லூர்து ஒரு பகலுக்கு விட்ட காப்பித் தோட்டம்.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் வரை என் நாடு.
ஓடைக்கு அப்புறம் தீர்த்தகிரியினுடையது.
வசனம் யாரும் எழுதித் தருவதில்லை.
ஆளுக்கொரு துண்டுச் சீட்டு மட்டும்.
என்னுடையதில்:
நீ தூதன். உன் ராணி பொய் சொல்கிறாள்.
மீதியை வாய்க்கு வந்தபடி
வாழ்ந்து பார்க்க வேண்டியதுதான்.

ராணி கோகிலவாணி,
மற்ற நாளில் அஸ்தம்பட்டியில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்ப்பவள்,
ஓடையைத் தாண்டு, ஒன்றும் ஆகாது என்றாள்.
சீட்டு சட்டைப்பையில் இருந்தது.
இருந்தும் தாண்டினேன்.
பதினொன்றே காலுக்குச் செத்தேன்.

செத்தவர் தலையில் வெள்ளைத் துணி கட்டி
கால் மணி நேரம்
பேசாமல் கிடக்க வேண்டும். விதி.
முசுறு ஒன்று கழுத்தில் ஏறியது.

களையெடுக்க வந்த அம்மா குனிந்தார்.
"என்ன கண்ணு, ஒடம்பு முடியலயா?"
எப்படிச் சொல்வது?
கண்ணை மட்டும் உருட்டினேன்.
களைக்கொத்தைக் காப்பிச் செடியில் சாய்த்துவிட்டு
பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.
கழுத்து முசுறைச் சுண்டிவிட்டார்.
ஓடைப் பக்கம் யாருடைய நாடோ
ஓவென்று கத்திக்கொண்டே விழுந்தது.

கால் மணி முடிந்த பிறகும்
இன்னும் கொஞ்ச நேரம்
செத்தே கிடந்தேன்.