ஐம்பத்தேழு டிகிரி

உருக்காலையில் நான் பார்ப்பது ஆயிரத்து அறுநூறு.
நீலக் கண்ணாடி வழியே, எட்டி நின்று.
வீட்டில் ஐம்பத்தேழு,
மூக்கு குண்டானுக்குள் விழுகிற தூரத்தில்.

அறுபதில் ஊற்றினால் நடுவில் குழி விழுகிறது.
ஐம்பத்தைந்தில் ஊற்றினால் பாட்டிலோரம்
வெள்ளை பூத்துவிடுகிறது,
போர்த்தண்ணி காய்ந்த பக்கெட் மாதிரி.
பதினாலு வருட சர்வீஸ் எனக்கு.
இந்த அஞ்சு டிகிரியிடம் கைகட்டி நிற்கிறேன்.

சோயா மெழுகு வந்தது அக்னி நட்சத்திரத்தில்.
சூரமங்கலம் கூரியர் ஆபீசில் ஒரு பகல் கிடந்து
செதில் செதிலாக இருக்கவேண்டியது
ஒற்றைப் பாறையாக வந்து இறங்கியது.
பிலோமினா தேங்காய் உடைக்கும் அரிவாளை நீட்டினாள்.
"உருக்கத்தானே போற, எப்படி வந்தா என்ன?"
அதுவும் சரிதான்.

பால் காய்ச்சிய குண்டான் இனிப் பாலுக்கு ஆகாது.
அது தனிச் சண்டை.
பூண்டு ஊறுகாய் பாட்டிலை ஏழுமுறை கழுவியும்
லாவண்டரோடு பூண்டும் எரிந்தது ஒரு ராத்திரி முழுக்க.
அதை எழுதி வைத்திருக்கிறேன், நோட்டில், மூன்றாம் நம்பராக.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நாச்சிமுத்து
பழைய தராசைக் கொடுத்தான்.
வெள்ளிப்பொடி ஒட்டியிருந்த தட்டில்
வாசனையை நிறுத்தேன்:
நூறு கிராமுக்கு எட்டு.

கேன்டீனில் கேட்டார்கள்.
"மாதா கோயிலுக்கா, அமலு?"
இல்லை.
"விக்கவா? பீஸ் என்ன ரேட்டு?"
இல்லை.
"கரன்ட் போனா ஏத்தவா?"
இன்வெர்ட்டர் இருக்கிறது.
துரைக்கண்ணு ஹெல்மெட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து
நிஜமாகவே யோசித்தான்.
"அப்புறம் எதுக்குடா?"

எனக்கு வேண்டியது ஒரு வாசனை.
பங்குனியில் ஏற்காட்டில் ஒரு மழை விழும்.
எட்டு ஒன்பது நாள் கழித்து
காப்பிச் செடியெல்லாம் ஒரே காலையில் வெளுத்துப் பூக்கும்.
மூன்று நாள். அப்புறம் பழுப்பு.
பதினெட்டாவது கொண்டையூசியில் வண்டியை நிறுத்தி
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன் ஒருதரம்.
பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

கடையில் காப்பி வாசனை கிடைக்கிறது, வறுத்த காப்பி.
பூ கிடைப்பதில்லை.
மல்லிகையில் நாலு, ஆரஞ்சுத் தோல் இரண்டு,
ஏதோ ஒரு பச்சைவாடை அரைச் சொட்டு.
ஒன்பதாம் நம்பர்: கிட்டத்தட்ட. ஆனால் பல் தேய்த்த வாய்.
பத்தாம் நம்பர்: கல்யாண மண்டபம்.

ஊற்றியதும் ஏற்றக்கூடாது.
மூடிப் பதினாலு நாள் வைக்கவேண்டும்,
வாசனை மெழுகுக்குள் குடியேற.
அந்தப் பதினாலு நாளில்
நாங்கள் ஊற்றிய இரும்பு தகடாகி, சுருளாகி,
சரக்கு ரயிலேறி
யார் வீட்டுத் தட்டாகவோ போயிருக்கும்.
பீரோவுக்குள் என் பதினொன்று
இன்னும் பழகிக்கொண்டிருந்தது.

ஏற்றினேன்.
பிலோமினா வந்து நின்றாள். குனிந்தாள்.
"மூடியைத் திறந்தப்போ வந்துச்சு.
இப்ப ஒண்ணும் வரலையே."
திரி ஒல்லி.
சுடர் தன்னைச் சுற்றிக் கிணறு தோண்டி உள்ளே இறங்கி
தான் உருக்கிய எண்ணெயிலேயே
முக்குளித்து அணைந்தது.
அவள் விளக்கைப் போட்டுவிட்டு
தோசை ஊற்றப் போனாள்.

நைட் ஷிப்ட்.
உலை சாய்ந்தது, ஊற்றினோம், நிமிர்ந்தது.
கையுறையைக் கழற்றி முகம் துடைக்கும்போது
புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிப் பையன் இசக்கி
சுற்றுமுற்றும் பார்த்தான்.
"சார், இங்க யாரோ பூ வச்சிருக்காங்க."
முப்பது ஆம்பிளைகள்,
ஸ்கிராப்பு, கசடு, டீசல்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
நான் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"என்ன பூடா?"
"எலுமிச்சம்பூ மாதிரி சார். எங்க தோட்டத்துல வரும்."

காப்பியில்லை.
லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கினேன்:
பதினொன்று, எலுமிச்சை என்கிறான்.
ஆரஞ்சு ஒரு சொட்டு குறை.
திரி ஒரு நம்பர் தடிமன்.