பதினாறு பாகையில் எழுதிய துண்டுப்பிரசுரம்

கொம்பனித்தெருவில், மூன்றாம் மாடியில்
ஏசியைப் பதினாறில் வைத்துக்கொண்டு
எழுதுகிறேன்: "நுவரெலியா உங்களை அழைக்கிறது."
அழிக்கிறேன்.
அது யாரையும் அழைத்ததில்லை.
ஏப்ரலில் வாகனங்கள் தாமாகவே போய்
மலைவளைவுகளில் வரிசையாக நின்று கொதிக்கின்றன.

கடல்மட்டத்துக்கு மேலே ஆறாயிரத்துச் சொச்சம் அடி.
வாவி, மனிதர் தேக்கியது;
ஆனாலும் "இயற்கை எழில் கொஞ்சும்" என்று
போடச் சொல்கிறார் பஸ்லியா மேடம்.
போடுகிறேன். கொஞ்சட்டும்.

அன்னப் படகு, அரை மணிக்கு இவ்வளவு.
மட்டக்குதிரை, ஒரு சுற்றுக்கு இவ்வளவு.
ஸ்ட்ரோபரி விலை மட்டும் வேண்டாமாம்,
வாரத்துக்கு வாரம் ஏறும்.
செங்கல் தபாற்கந்தோர் முன்னால்
படமெடுக்கக் காசில்லை.

வத்தளையிலிருந்து மிசிஸ் டி ரோசைரோ:
"உண்மையாகவே குளிருமா, தம்பி?
போன முறை ஸ்வெட்டரைச் சும்மா சுமந்தோம்."
குளிரும், என்கிறேன்.
என் பற்கள் சாட்சி.

துஷ்யந்தன் வரைபடத்தைக் காட்டுகிறான்.
வாவி நீலம். ஹோட்டல்கள் சிவப்புப் புள்ளி.
மிச்சமெல்லாம் பச்சை, ஒரே கிளிக்கில் ஊற்றியது.
அந்தப் பச்சைக்குள் எங்கேயோ எழும்பித்தான்
என் மச்சான் லோகிதன்
விடியற்காலை டவுனுக்கு இறங்கி வருகிறான்,
அன்னங்களின் வயிற்றிலிருந்து
இரவு மழையை வாளியால் இறைக்க.
"இதில வீடுகள் இருக்கு" என்று விரல் வைத்தேன்.
"எத்தனை ஸ்டார்?" என்றான்.
பகிடியில்லை, உண்மையாகத்தான் கேட்டான்.
விரலை எடுத்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஜன்னலைத் திறந்தால் பேர வாவி,
பாசி மணம், கம்பத்தில் ஒரு கூழைக்கடா.
இங்கேயும் அன்னப் படகுகள்,
அதே வெள்ளை, அதே வளைந்த கழுத்து.
ஒன்றுக்குள் குடை விரித்த ஒரு சோடி
மிதிக்க மறந்து மிதந்தது.

வியர்வை முதுகில் இறங்க இறங்க
லோகிதனுக்கு மெசேஜ் போட்டேன்:
"ஒங்க வாவியப் பத்தி ஒரு வரி சொல்லு."
நெடுநேரம் கழித்துப் பதில்:
"இன்னைக்கு மழ. ஆளே இல்ல.
நா ஒரு அன்னத்த எடுத்துக்கிட்டு
நடுவுல வந்து ஒக்காந்திருக்கேன்."

"நடுவுல என்ன தெரியுது?"

"ஒண்ணுந் தெரியல. பனி. நல்லாருக்கு."

கரண்ட் வந்தது.
ஏசி தானாகவே பதினாறுக்குப் போனது.
"அரை மணிக்கு இவ்வளவு" என்ற வரியில்
கர்சர் துடித்துக்கொண்டு நின்றது.