ஈர வலையின் எடை

"என்ன ஏத்துவீங்க?"
செம்மண்டலம் டயர்க் கடையில்
ஹபிபுல்லா கேட்டது இவ்வளவுதான்.
தினம் எத்தனை பீடி என்று டாக்டர் கேட்டால்
பாதியைச் சொல்கிற ஆளைப்போலச் சொன்னேன்:
வலை. ஐஸ் பெட்டி ரெண்டு. ரெண்டு ஆள்.

அவர் எழுதவில்லை.
பேனாவை மூடினார். "எடை போட்டுட்டு வாங்க."

நெல்லிக்குப்பம் எடைமேடையில்
முன்னால் சோகை உதிர்க்கும் டிரெய்லர்,
பின்னால் இன்னொன்று, விடாத ஹாரனோடு,
நடுவில் என் ஜீப்.
"கரும்பு எங்கம்மா?" என்றான் சீட்டுப் போடும் பையன்.
பம்பரில் காய்ந்து ஒட்டியிருந்த
இறால் தலையைக் காட்டினேன்.

முன் சக்கரங்கள் மட்டும் ஒருமுறை.
பின் சக்கரங்கள் மட்டும் ஒருமுறை.
விடியலில் தாழங்குடாவில் ஏற்றிய வலையை
இறக்காமலே கொண்டுபோயிருந்தேன்,
கடல் சொட்டச் சொட்ட.

பின்பக்கம் மட்டும்
ஆயிரத்து அறுநூற்று நாற்பது.

காய்ந்த வலைக்கு ஓர் எடை உண்டு,
வாங்கின பில்லிலேயே இருக்கிறது.
நனைந்த வலைக்கு யார் பில் போட்டார்கள்?
போகும்போது ஒரு ஜீப்,
வரும்போது வேறொரு ஜீப்,
நம்பர் பிளேட் மட்டும் ஒன்று.

பழைய டயரின் விலாவைத்
துணியால் துடைத்துப் படித்தார் ஹபிபுல்லா.
தொண்ணூற்றைந்து.
அது கிலோ அல்ல, கிலோவுக்கு வைத்த பட்டப்பெயர்.
அறுநூற்றுத் தொண்ணூறு என்று அதற்கு அர்த்தம்.
ரெண்டு சக்கரத்துக்கும் ஆயிரத்து முந்நூற்று எண்பது.
மீதி இருநூற்று அறுபதை
நாலு வருஷமாய் யார் சுமந்தது?
அவர் கேட்கவில்லை.
வெடிப்பு விழுந்த ரப்பரை
நகத்தால் ஒருமுறை நெருடினார், அவ்வளவுதான்.

"நூற்றுப் பன்னிரண்டு எடுங்க. பத்து ப்ளை.
ஒரு சக்கரம் ஆயிரத்து நூற்றிருபது தாங்கும்.
கண்ண மூடிக்கிட்டு ஏத்தலாம்."

கண்ணை மூடிக்கொண்டு ஏற்றத்தான்
எனக்கும் ஆசை.

அஞ்சாப்புலி அந்த டயர்மேல் ஏறி நின்று
ரெண்டு குதி குதித்தான்.
"அக்கா, இது கல்லு.
காத்த எறக்கினாலும் வயிறு தளராது.
நம்ம மணல்ல இது நடக்காது, தோண்டும்."
போன ஐப்பசியில் யாரோ ஒரு பாண்டிச்சேரிக்காரர் வண்டி
அச்சுவரை இறங்கி, அலை கதவைத் தட்ட,
கயிறு பிடித்து இழுத்தவர்களில் அவனும் ஒருவன்.
உள்ளங்கைத் தழும்பை ஹபிபுல்லாவிடம் நீட்டினான்,
ரசீதைப்போல.

மணல் சொல்கிறது, தளர்ந்து கொடு.
தார் சொல்கிறது, விறைத்து நில்.
தாழங்குடாவிலிருந்து துறைமுகம் போக
ரெண்டு பேச்சையும் கேட்டாக வேண்டும்,
ஒரே காலையில், ஒரே நாலு சக்கரத்தில்.

ஹபிபுல்லா கொஞ்சம் குரல் தாழ்த்தினார்:
"எழுதியிருக்கிற எடை முழுக் காத்துக்குத்தாம்மா.
காத்து எறங்கினா வாக்கும் எறங்கிடும்.
யாரும் கேக்கறதில்ல, நானும் சொல்றதில்ல."

நூற்றுநான்கு எடுத்தேன்.
சக்கரத்துக்குத் தொள்ளாயிரம்.
எண்பது மிச்சம்:
அஞ்சாப்புலியைவிட எட்டு கிலோ கூட.
பத்து ப்ளைக்கு ஆகாத பணத்தில்
ஒரு காற்றுமானி, ஒரு சின்ன பம்ப்.
ஈர வலைக்கு இனிமேல் ரெண்டு நடை.
வீட்டுக்காரர் டீசல் கணக்குக் கேட்பார்.
எடைமேடைச் சீட்டைக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன்.

தார் முடிகிற இடம். இன்னும் இருட்டு.
குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்துகிறேன்.
பதினெட்டு.
அடுத்தது. பதினெட்டு.
புது ரப்பரின் வயிறு
மெல்லச் சரிந்து மணலில் அகல்கிறது.

கரையிலிருந்து அஞ்சாப்புலி கத்துகிறான்:
"இன்னும் ஒரே ஒரு மடிதாங்க்கா, ஏத்திரவா?"

நாலாவது சக்கரத்தில்
காற்று இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.