நடு பெல்ட்

இதுவரை ஸ்கூட்டரில் நாலு பேர் போனோம்.
முன்னால் நின்றபடி சின்னவன்,
நடுவில் நசுங்கியபடி பெரியவள்,
பின்னால் ஒருபக்கமாய் நான்.
ஐந்தாவது ஆள் என் வயிற்றில், ஐந்து மாதம்.
கட்டபெட்டு வளைவில் மழை பிடித்த அன்று
பெள்ளிராஜ் வண்டியை ஓரம் கட்டி
"போதும்" என்றார்.
எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மெக்கானிக் ஹனீபா அண்ணன் சொல்வார்:
மலையில் ஓடிய வண்டிக்கு கிளட்ச் போயிருக்கும்,
கடலோரம் ஓடிய வண்டிக்கு அடி போயிருக்கும்,
டாக்டர் ஓட்டிய வண்டி என்றால்
விலை மட்டும் ஏறியிருக்கும்.

ஒரு மாதம் அலைந்தோம்.
ஊட்டியில் ஒன்று.
கதவைத் திறந்தால் நனைந்த நாய் வாசம்.
அருவங்காட்டில் ஒன்றில்
மீட்டர் நாற்பதாயிரம் என்றது,
பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு சிரித்தது.
மஞ்சூரில் எல்லாமே சரி,
ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் செத்துப்போனவர் பெயர்.

இது குன்னூரில், பெட்போர்டுக்கு மேலே.
நீள முதுகு. பின்கதவு வானம் பார்த்துத் திறக்கும்.
மெரினா என்று பெயர்.
ஆறாயிரம் அடி உயரத்தில்
ஒரு கடற்கரை விற்பனைக்கு நின்றது.

காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள் என்றிருந்தார் ஹனீபா.
தூக்கம் கலையாத பிள்ளைகளோடு முதல் பஸ் பிடித்தோம்.
பானட்டைத் தொட்டேன், புறங்கையால்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
ஜில்லென்றிருந்தது.
எங்களுக்கு முன்னால் யாரும் அதை எழுப்பி
முகம் கழுவி வைத்திருக்கவில்லை.

எட்வின் சார் சாவி போட்டார்.
மூன்றாவது இழுப்பில் இருமி எழுந்தது,
ஒரு பிடி கரும்புகை, அப்புறம் சீரான மூச்சு.
பெள்ளிராஜ் மல்லாந்து படுத்து
வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பூனால்
அடித்தகட்டைச் சுரண்டினார்.
நான் பின்னால் போய் இடத்தை அளந்தேன்.
கேரட் மூட்டை இரண்டு நிற்கும்,
சிலிண்டர், பள்ளிப் பைகள்,
தூங்கிவிட்ட பிள்ளை ஒன்று
கால் மடக்காமல் படுக்கும்.

பின் சீட்டு பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தேன்.
சன்னலோரத்தவை இரண்டும் தளர்ந்து வழவழத்துப் போய்,
ஒன்றின் விளிம்பில்
பால்பல் கடித்த தடம்.
நடுவில் இருப்பது சீட்டு இடுக்கைவிட்டு வரமாட்டேன் என்றது.
விடாமல் இழுத்தேன்.
கம்பெனியில் மடித்த மடிப்பு,
கம்பெனியில் போட்ட ரப்பர் பேண்டு.
அது என் விரலில் பொடியாய் உதிர்ந்தது.
பதினாறு வருஷம்.

லில்லிபுஷ்பம் டீச்சர் வாசலில் நின்று பார்த்தார்.
"பெருசாத்தான் வாங்கினோம்" என்றார்.
அப்புறம், டீ ஆறுது என்றார்.

ஒன்றரை லட்சம் கேட்டிருந்தார்கள்.
தொண்ணூறில் ஆரம்பிக்க வேண்டும்,
டயரைக் காட்ட வேண்டும், பம்பர் கீறலைக் காட்ட வேண்டும்,
எழுந்து போவதுபோல் ஒருமுறை எழ வேண்டும் என்று
பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்தவள் நான்.
மடிப்புக் கலைந்த பெல்ட்
சீட்டின்மேல் அப்படியே கிடந்தது.
ஒன்று முப்பது என்றது என் வாய்.
பெள்ளிராஜ் பார்த்த பார்வைக்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.

வண்டிச்சோலையில் நிறுத்தி ஒரு மூட்டை கேரட் வாங்கினோம்.
பின்னால் அத்தனை இடம் இருக்க
சின்னவன் அடம் பிடித்து
அதை நடுவில் உட்கார வைத்தான்,
இவனும் அக்காவும் காவல்போல் இருபுறமும்.
வயிற்றைச் சுற்றி பெல்ட் போட்டுவிட்டான்.
முதல் தடவை என்பதாலோ என்னவோ
கொக்கி விழுந்த சத்தம் பெரிதாய்க் கேட்டது.

இரண்டாம் கியரில் முனகாமல் ஏறியது.
கண்ணாடியில் பார்த்தேன்.
பெரியவள் மூட்டைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொன்றாய்ச் சொல்லி, பிடிக்காமல், மறுபடி.
ஸ்டெப்னியில் காற்று இல்லை என்பது
கோத்தகிரி வந்த பிறகுதான் தெரிந்தது.